கோல் நிமிடங்களின் சந்தை

(கல்லூரிக் கணித மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்பந்துப் பந்தயத்தைப் பற்றிப் பேசக் கணித மன்றம்தானா கிடைத்தது என்று சிலருக்குத் தோன்றலாம். நிகழ்தகவுத் துறையே சூதாட்ட மேசையிலிருந்து எழுந்து வந்ததுதான். 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டது எதைப் பற்றி? பாதியில் நின்றுபோன ஒரு ஆட்டத்தின் பணயத் தொகையை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றி. அந்த வம்சத்தில் வந்த ஒரு கணக்கைத்தான் இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் பண்ணும் வழி சொல்லித்தர நான் வரவில்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்கிறது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்தது. நான் பேசப்போவது பிரிட்டனில் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் ஒரு சின்னஞ்சிறு சந்தையைப் பற்றி. எவ்வளவு சிறியது என்றால், 2023இல் ஸ்ப்ரெடெக்ஸ் என்ற நிறுவனம் ஸ்போர்ட்டிங் இண்டெக்ஸின் வாடிக்கையாளர் வணிகத்தை வாங்கியபோது, அந்நாட்டுப் போட்டி ஆணையம் விசாரணையில் இறங்கியது. காரணம், உரிமம் பெற்று இணையத்தில் இந்தத் தொழிலை நடத்தியவை இந்த இரண்டு மட்டுமே.

அப்படி என்ன தொழில்? அதற்கு 1974க்குப் போக வேண்டும். அப்போது பிரிட்டனில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்தது. தங்கம் விலை ஏறும் என்று நினைத்த ஒருவர் நேரடியாகத் தங்கம் வாங்கிவிட முடியாது. வாங்குவதற்குக் கூடுதல் செலவு, ஆயிரம் தடங்கல். ஸ்டூவர்ட் வீலர் என்பவர் ஐஜி இண்டெக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஒரு குறுக்கு வழி திறந்தார். தங்கத்தை வாங்க வேண்டாம், அதன் விலையின் மேல் பந்தயம் கட்டுங்கள் என்றார். விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு லாபம். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நட்டம். இதுதான் ஸ்ப்ரெட் பெட்டிங். 1992இல் வந்த ஸ்போர்ட்டிங் இண்டெக்ஸ் இதே முறையை விளையாட்டுக்குக் கொண்டுவந்தது. தங்கத்தின் விலை இருந்த இடத்தில் கோல்களின் எண்ணிக்கை, கார்னர் கிக்குகளின் எண்ணிக்கை, கோல் போட்டவர்களின் சட்டை எண்களின் கூட்டுத்தொகை என்று எதையெதையோ வைத்தார்கள். அவற்றில் ஒன்றுதான் நம் பொருள்: கோல் நிமிடங்களின் கூட்டுத்தொகை.

விதி மிக எளிது. ஒரு போட்டியில் ஒவ்வொரு கோலும் எந்த நிமிடத்தில் விழுந்ததோ அந்த எண்களையெல்லாம் கூட்டுங்கள். முதல் பாதியின் இஞ்சுரி டைமில் விழுந்த கோலுக்கு 45. இரண்டாம் பாதியின் இஞ்சுரி டைமில் விழுந்த கோலுக்கு 90. எந்த அணி போட்டது என்பது பொருட்டே இல்லை. கோலே இல்லாத போட்டிக்கு விடை பூஜ்யம்.

1999 மே 26, பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானம், சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. பயர்ன் மியூனிக்கின் பாஸ்லர் 6ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். அதன்பிறகு 90 நிமிடம் முடியும்வரை கோல் இல்லை. கூட்டுத்தொகை 6. பிறகு இஞ்சுரி டைமில் மான்செஸ்டர் யுனைடெடின் ஷெரிங்கம் ஒன்று, சோல்ஷேர் ஒன்று. 6, 90, 90. மொத்தம் 186.

2014 உலகக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனி ஏழு, பிரேசில் ஒன்று. ஜெர்மனியின் கோல்கள் 11, 23, 24, 26, 29, 69, 79ஆவது நிமிடங்களில். பிரேசிலின் ஆறுதல் கோல் 90இல். மொத்தம் 351. இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் அரை மணி நேரத்தில் ஜெர்மனி ஐந்து கோல் போட்டது. உலகமே வாய்பிளந்து நின்றது. அந்த ஐந்து கோலுக்கும் இந்தச் சந்தை கொடுத்த மதிப்பு 113 நிமிடம்தான். பார்சிலோனாவில் கடைசி மூன்று நிமிடங்களில் விழுந்த இரண்டு கோல்களுக்கு 180. கோலுக்குக் கோல் மதிப்பு ஒன்றல்ல. பத்தாவது நிமிடக் கோலைவிட எண்பதாவது நிமிடக் கோல் எட்டு மடங்கு கனமானது.

சரி, விலை எப்படி? நிறுவனம் இரண்டு எண்களைச் சொல்லும். உதாரணத்துக்கு 133 – 137 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை அதிகமாக வரும் என்று நினைப்பவர் 137இல் ‘வாங்குவார்’. குறைவாக வரும் என்று நினைப்பவர் 133இல் ‘விற்பார்’. நிமிடத்துக்கு இத்தனை பவுண்டு என்று பணயத்தை அவரவர் முடிவுசெய்வார்கள். நிமிடத்துக்கு 5 பவுண்டு என்று விற்ற ஒருவருக்குப் போட்டி கோலின்றி முடிந்தால் 133 × 5, அதாவது 665 பவுண்டு லாபம். அதற்கு மேல் அவருக்கு வர வழியில்லை. பூஜ்யத்துக்குக் கீழே கூட்டுத்தொகை போகாது. நட்டம் எவ்வளவு போகும்? அதற்குத்தான் கூரை இல்லை.

இந்த 135ஐ ஒட்டிய விலை எங்கிருந்து வருகிறது? இங்கேதான் கணிதம் நுழைகிறது. 1837இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் ஒரு பரவலைத் தந்தார். வாய்ப்புகள் ஏராளம், ஒவ்வொரு வாய்ப்பும் பலிப்பது அரிது என்ற நிலையில், எத்தனை முறை பலிக்கும் என்று சொல்லும் பரவல் அது. 1898இல் போர்ட்கெவிச் அதைப் பிரஷ்யக் குதிரைப்படையில் பொருத்திப் பார்த்தார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். குதிரை உதைத்து இறந்த வீரர்கள் 122 பேர். 200 பதிவுகளில் 109இல் சாவே இல்லை, 65இல் ஒருவர், 22இல் இருவர், மூன்றில் மூவர், ஒன்றில் நால்வர். பாய்சானின் சூத்திரம் சொன்னதற்கு வெகு அருகில். 1951இல் மொரோனி தம் புள்ளியியல் நூலில் அதே சூத்திரத்தைக் கால்பந்துக் கோல்களுக்குப் போட்டுப் பார்த்தார். கிட்டத்தட்டப் பொருந்தியது, முழுதாகப் பொருந்தவில்லை. அணிகள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்லவே! 1982இல் மாஹர் ஒவ்வொரு அணிக்கும் தாக்கும் வலிமை, தடுக்கும் வலிமை என்று தனித்தனி எண் கொடுத்து அதைச் சீராக்கினார். 1997இல் டிக்சனும் கோல்ஸும் இன்னொரு குறையைக் களைந்தார்கள். 0–0, 1–1 போன்ற சிறிய ஸ்கோர்கள் மாதிரி சொல்வதைவிட அதிகமாக வருகின்றன என்று கண்டு அதற்கொரு திருத்தம் சேர்த்தார்கள். பழைய போட்டிகளுக்கு எடையையும் குறைத்தார்கள். இன்றைய கோல் சந்தைகள் பலவற்றின் அடித்தளத்தில் இந்தப் பரம்பரை இருக்கிறது.

நாம் எளிய வடிவத்தையே வைத்துக்கொள்வோம். போட்டிக்குச் சராசரி 2.7 கோல் என்றால், கோலே விழாத வாய்ப்பு நூற்றுக்கு 6.7. ஒரு கோல் 18.1. இரண்டு 24.5. மூன்று 22.0. நான்கு 14.9. ஐந்தும் அதற்கு மேலும் 13.7.

இனி நிமிடத்துக்கு வருவோம். கோல்கள் 90 நிமிடத்திலும் சீராகப் பரவியிருந்தால் ஒரு கோலின் சராசரி நிமிடம் 45 ஆகியிருக்கும். உண்மை அப்படி இல்லை. இரண்டாம் பாதியில் கோல் அதிகம். கால்கள் சோர்கின்றன, தோற்றுக்கொண்டிருக்கும் அணி தற்காப்பை விட்டு முன்னேறுகிறது, புதிய ஆட்டக்காரர்கள் களமிறங்குகிறார்கள். போதாததற்கு இஞ்சுரி டைம் கோல்கள் அத்தனையும் 90 என்ற ஒற்றை எண்ணில் குவிகின்றன. ஆகவே சராசரி நிமிடம் ஏறத்தாழ 50 என்று கொள்ளலாம். 2.7ஐ 50ஆல் பெருக்கினால் 135. அவ்வளவுதான் விலை.

இந்த இரண்டு எண்களும் கல்லில் செதுக்கியவை அல்ல. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2006–07 பருவத்தின் 380 போட்டிகளில் 931 கோல்கள், போட்டிக்கு 2.45. 2023–24இல் 1,246 கோல்கள், போட்டிக்கு 3.28. முன்னதற்கு நம் கணக்கு தரும் விலை 122, பின்னதற்கு 164. ஒரே லீக், அதே 380 போட்டிகள், விலையில் 40 நிமிடத்துக்கும் மேல் வித்தியாசம். இஞ்சுரி டைமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் வீணான நேரத்தை நடுவர்கள் கறாராகக் கணக்கிட்டார்கள். இங்கிலாந்து – ஈரான் போட்டியில் இரு பாதிகளிலும் சேர்த்து 27 நிமிடம் கூடுதலாக ஆடினார்கள். அதில் ஈரானின் தரேமி 90க்குப் பின் பதின்மூன்றாவது நிமிடத்தில் பெனால்ட்டி போட்டார். சந்தையின் கணக்கில் அதுவும் வெறும் 90தான். ஆனால் அப்படிப்பட்ட 90கள் பெருகப் பெருக, பழைய புள்ளிவிவரத்தை நம்பி விற்றவரின் பாடு திண்டாட்டம்.

ஆட்டம் நடக்கும்போதே விலை மாறும். ஒரு கேள்வி கேட்கிறேன். தொடக்கத்தில் விலை 135. இடைவேளையில் 0–0. இப்போது நியாயமான விலை என்ன? பாதி நேரம் போய்விட்டது, அதனால் பாதி விலை, 67 என்று பலரும் சொல்வார்கள். கணக்கிடுவோம். முதல் பாதியில் எதிர்பார்த்தது சுமார் 1.2 கோல், சராசரியாக 25ஆவது நிமிடத்தில், பெருக்கினால் 30. இரண்டாம் பாதியில் எதிர்பார்ப்பது 1.5 கோல், சராசரியாக 70ஆவது நிமிடத்தில், பெருக்கினால் 105. பாதி ஆட்டம் கோலின்றிப் போயும் விலை 105இல் நிற்கிறது. நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட முதல் பாதி, கூட்டுத்தொகையில் கால் பங்கைக்கூடக் கொண்டுபோகவில்லை. இடைவேளையில் ‘எப்படியும் ஜெயித்துவிட்டோம்’ என்று விற்றவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டால், அவர் இந்தச் சந்தையை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

நண்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் சராசரியைப் பற்றி. சராசரியைக் கண்டுபிடிப்பதில் நிறுவனம் நம்மைவிடக் கெட்டி. அதில் நாம் போட்டி போட வேண்டாம். நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது பரவலின் வடிவத்தை.

எத்தனை கோல் என்பதும் நிச்சயமில்லை, எந்த நிமிடம் என்பதும் நிச்சயமில்லை. இரண்டு நிச்சயமின்மைகளும் சேரும்போது கூட்டுத்தொகையின் திட்ட விலக்கம் 90 நிமிடத்தைத் தாண்டுகிறது. 93 என்று கொள்ளலாம். சராசரி 135, திட்ட விலக்கம் 93! அதோடு பரவல் சமச்சீரானதும் அல்ல. இடப்பக்கம் பூஜ்யத்தில் சுவர். வலப்பக்கம் 200, 300, 400 என்று நீளும் வால். அப்படியானால் பாதிக்கு மேற்பட்ட போட்டிகள் சராசரிக்குக் கீழேதான் முடியும். என் தோராயக் கணக்கில் நூற்றுக்கு 54. விற்பவர் அடிக்கடி ஜெயிப்பார். ஜெயிப்பதற்கு எல்லை உண்டு. வாங்குபவர் அடிக்கடி தோற்பார். தோற்பதற்கு எல்லை உண்டு. விற்பவரின் நிலை, கையிருப்பு நிதியே இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் நடத்துபவரின் நிலை. பிரீமியம் மாதந்தோறும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். வெள்ளம் வருகிறவரை எல்லாம் சௌக்கியம்.

வெள்ளம் எப்படி வரும் என்பதற்கு 2012 மே 13ஐப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி – குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், பருவத்தின் கடைசி நாள். கோல்கள் 39, 48, 66ஆவது நிமிடங்களில். 90 நிமிடம் முடிந்தபோது கூட்டுத்தொகை 153. 133இல் விற்றவருக்கு, நிமிடத்துக்கு 5 பவுண்டு வீதம், 100 பவுண்டு நட்டம், தாங்கிக்கொள்ளலாம். பிறகு ஜெக்கோ ஒரு கோல், அகுவேரோ ஒரு கோல். அந்த இரண்டாவது கோல் சிட்டிக்கு லீக் பட்டத்தைத் தந்தது. 44 ஆண்டுகளில் அவர்களுடைய முதல் லீக் பட்டம். கூட்டுத்தொகை 333. விற்றவரின் நட்டம் 1,000 பவுண்டு. நூறு ஆயிரமாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 1845ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி, பந்தயக் கடனை இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. அந்த நிலை 2007 செப்டம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. ஆனால் ஸ்ப்ரெட் பெட்டிங்குக்கு அந்தக் கேடயம் முன்பே போய்விட்டது. 1986ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் இது முதலீட்டு ஒப்பந்தமாகவே கருதப்படும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990களின் தொடக்கத்திலேயே தீர்ப்பளித்தது. தெருமுனைப் பந்தயக் கடையில் தோற்றவர் கட்டிய காசை மட்டும் இழந்து வீட்டுக்குப் போகலாம். இங்கே தோற்றவரை, கட்டாத காசுக்கும் நீதிமன்றம் துரத்தும். இன்றும் இந்தத் தொழிலைக் கண்காணிப்பது சூதாட்ட ஆணையம் அல்ல, நிதி நடத்தை ஆணையம்தான்.

‘அனுபவம் கற்றுக்கொடுத்துவிடுமே’ என்று கேட்கலாம். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். உண்மையான சராசரி 135. நீங்கள் ஒவ்வொரு போட்டியிலும் 137இல் வாங்குகிறீர்கள். போட்டிக்கு 2 நிமிடம் உங்களிடமிருந்து கசிகிறது. நூறு போட்டிகளில் கசிவு 200 நிமிடம். அதே நூறு போட்டிகளில் அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டம், அதாவது திட்ட விலக்கம், 93ஐப் பத்தால் பெருக்கினால் 930 நிமிடம். 200 என்ற கசிவு 930 என்ற அலையில் மூழ்கிப் போகிறது. லாபத்தில் இருப்பவர் தம் திறமை என்று நினைப்பார். நட்டத்தில் இருப்பவர் தம் நேரம் என்று நினைப்பார். கசிவும் ஊசலாட்டமும் சம அளவுக்கு வர எத்தனை போட்டிகள் வேண்டும்? 2n = 93√n. விடை ஏறத்தாழ 2,160. பிரீமியர் லீக்கின் எல்லாப் போட்டிகளிலும் ஒன்று விடாமல் பந்தயம் கட்டினாலும் ஆறு பருவங்களுக்கு அருகில் வருகிறது. அப்போதும் உறுதியாகத் தெரியாது. ஒரு சந்தேகம் தட்டும், அவ்வளவுதான். நிறுவனமோ பல சந்தைகளில், பலரிடம், இரு பக்கமும் பரிவர்த்தனை செய்கிறது. நீங்கள் ஆறு ஆண்டுகளில் பார்ப்பதை அது மிகக் குறுகிய காலத்தில் பார்த்துவிடுகிறது. மாணவ நண்பர்களே, தேர்வுக்குப் படிக்கும் மைய எல்லைத் தேற்றம் இங்கே ஒரு வணிகத் திட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆட்டத்தின் நேர்மை பற்றியும் ஒரு வார்த்தை. எதன்மேல் வேண்டுமானாலும் விலை வைக்கலாம் என்று ஆனபோது, ஒருவர் தனியாகச் செய்துவிடக்கூடிய அற்பச் செயல்களுக்கும் விலை வந்தது. 1995இல் சவுத்தாம்ப்டன் – விம்பிள்டன் போட்டியில், முதல் த்ரோ-இன் எத்தனை வினாடியில் வரும் என்பதன்மேல் தம் நண்பர்களோடு சேர்ந்து பணம் கட்டியதாகச் சவுத்தாம்ப்டன் வீரர் மேட் லெ டிசியே 2009இல் தம் சுயசரிதையில் எழுதினார். ஆட்டம் தொடங்கியதும் பந்தை வெளியே தட்டப் பார்த்தார். விவரம் அறியாத சக வீரர் அதை உள்ளேயே தடுத்து வைத்துவிட்டார். கதை சிரிப்பாக முடிந்தது, ஆனால் விஷயம் சிரிப்பல்ல. கோல் நிமிடச் சந்தையை அப்படி ஒருவர் தனியாக வளைப்பது கடினம். கோல் இருபத்திரண்டு பேர் சம்பந்தப்பட்டது. சந்தை எவ்வளவு அற்பமான நிகழ்வைத் தொடுகிறதோ, அவ்வளவு மலிவாக அதை வாங்கிவிடலாம்.

முடிவுக்கு வருகிறேன். இந்தச் சந்தையை நாம் ஏன் புரிந்துகொள்ள வேண்டும்? இதில் நாம் யாரும் இறங்கப் போவதில்லை. ஆனால் இதே வடிவம் கொண்ட ஒப்பந்தங்கள் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கின்றன. பங்குச் சந்தையில் ஆப்ஷன் விற்று மாதாமாதம் வருமானம் பார்க்கலாம் என்று கூவும் விளம்பரங்களைப் பார்க்கிறோம். அடிக்கடி சிறு லாபம், எப்போதோ ஒருநாள் எல்லையற்ற நட்டம்: கோல் நிமிடங்களை விற்றவரின் பரவல்தான் அது. வெற்றி விகிதம் நூற்றுக்கு இத்தனை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். நம்மவரும் 54 முறை ஜெயித்தவர்தானே!

ஆகவே எவராவது ஒரு வெற்றி விகிதத்தை உங்கள் முன் வைத்தால், மூன்று கேள்வி கேளுங்கள். ஜெயித்தால் எவ்வளவு, தோற்றால் எவ்வளவு? தோல்விக்குக் கூரை உண்டா? நீங்கள் காட்டும் அனுபவம், திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு நீளமானதா? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் திட்ட விலக்கமும் வர்க்கமூலமும் போதும். அவை இரண்டும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.